வெலிங்டன் கோமகன்: போர்க்களத்திலிருந்து பிரதமர் பதவிக்கு

பிரிட்டனின் புகழ்பெற்ற தளபதியும் பின்னாளில் அந்நாட்டின் பிரதமருமான வெலிங்டன் கோமகனின் இயற்பெயர் ஆர்தர் வெல்லெஸ்லி. அயர்லாந்தில் 1769-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1797-இல் படை அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். மறு ஆண்டு இவருடைய தமையன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி கவர்னர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தின் நிர்வாகம் ஆர்தரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்திலுள்ள அஸ்ஸாயியில், தமது படையினும் பன்மடங்கு பெரிய மராட்டியப் படையை வென்றார். எனினும் அவரது தரப்பிலும் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில், தளபதி புளூஷரின் பிரஷ்யப் படையுடன் இணைந்து நெப்போலியனைத் தோற்கடித்தது இவருக்கு அழியாப் புகழைத் தந்தது.

1828-இல் பிரதமரானார். கத்தோலிக்கர் நாடாளுமன்ற உறுப்பினராவதை முன்பு எதிர்த்துவந்த அவர், அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளக்கூடும் என அஞ்சி, 1829-இல் அதற்கான தடையைத் தாமே நீக்கினார். ஆனால் தேர்தல் முறைச் சீர்திருத்தத்தை ஏற்க மறுத்ததால் 1830 நவம்பரில் பதவியிழந்தார். மறு ஆண்டு, சீர்திருத்தம் கோரிய மக்கள் அவரது லண்டன் மாளிகையின் சன்னல்களைக் கல்லெறிந்து உடைத்தனர். 1832-இல் அவரும் அவரது ஆதரவாளர்களும் பிரபுக்கள் அவையில் எதிர்ப்பைக் கைவிட்டு ஒதுங்கியதால், சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது.

1852 செப்டம்பர் 14 அன்று காலமான அவரது உடல், லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. நீலகிரி மாவட்டத்தின் வெலிங்டன் படைத்தளம் அவர் பெயரையே தாங்கியுள்ளது.