கண்மணியும் கண்ணீர் வழியும்

சாகாமம், அம்பாறைக் கரையோரத்தில் குளமும் வயலும் சூழ்ந்த ஊர். இத்தகைய ஊர்களின் தரிசு நிலங்களில் முட்காய் தாங்கி நிற்கும் ஊமத்தையை அறியாதார் இல்லை. களை பிடுங்கியவர் அதன் சாறு பட்ட விரலாற் கண்ணைக் கசக்கினால், கருவிழி நடுவிலுள்ள கண்மணி அகன்றுவிடும், பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். கண்ணே போயிற்றென்று வீட்டார் கலங்குவர். ஆயினும் சில நாட்களில் அது பெரும்பாலும் தானே தெளிந்துவிடும். கண் மருத்துவத்திற்கு வழிதிறந்ததும் இவ்வியல்பேயாகும்.

1819 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் யேனா நகரில், ரூங்கே என்னும் இளைஞர் ஊமத்தைக் குடும்பத்துப் பெல்லடோனாச் செடியின் சாற்றாற் பூனையொன்றின் கண்மணியை அகலச்செய்து, பெருங்கவிஞர் கதேக்குக் காட்டினார். வியந்த கதே, ஆராயுமாறு கோப்பிக் கொட்டைகளை அளித்தார். அவற்றிலிருந்தே ரூங்கே கஃபீனைப் பிரித்தெடுத்தார். பெல்லடோனாவின் சத்தாகிய அத்திரோப்பினை 1831 இல் மைன் தூய்மையாகப் பிரித்தார். 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுட் பார்க்கும் கருவியை அமைத்தார். அன்றுமுதல், அகன்ற கண்மணி வழியே விழித்திரையை உயிருள்ளவரிடத்திலேயே மருத்துவர் நன்கு காணலாயினர்.

கண்ணுக்கு மற்றுமொரு வாயில் உண்டு. கடைசியிற் கண்ணீர் வடிவது மூக்கினுள்ளேதான். அவ்வழி அடைபட்டால் நீர் ஓயாது வழியும். மூக்கோரத்துக் கண்மூலையிற் சீழ் கட்டும். அதனாற் புரையோடிய புண்ணைச் சூட்டுக்கோலாற் சுட்டு ஆற்றும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அந்தலூசியாவின் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி எழுதிவைத்தார். 1713 அளவில், பிரெஞ்சு மருத்துவர் அனெல், நுண்ணிய கம்பியையும் பீச்சுகுழலையும் கொண்டு, சுடாமலே அவ்வழியைத் துலக்கினார். 1904 இல் இத்தாலியரான தோத்தி, எலும்பினூடே மூக்குக்குப் புதுவழி அமைக்கும் சத்திரசிகிச்சையை வெளியிட்டார். பிறந்த குழந்தைகளுக்குக் காணும் அடைப்போ பெரும்பாலும் ஓராண்டினுள் தானே திறந்துவிடுகிறது.

இவ்விரு வரலாறுகளும் ஒரு துளி மருந்திற் சந்திக்கின்றன. கண்ணிலிட்ட மருந்து கண்ணீர் வழியே மூக்கிலிறங்கி இரத்தத்திற் கலக்கும். தொண்டை கசப்பதும் அதனாலேயே. ஆகவேதான், குறிப்பாகச் சிறுவருக்கு அத்திரோப்பின் இட்டபின், கண்மூலையை விரலாற் சற்றுநேரம் அழுத்திப் பிடிக்கின்றனர். இன்று கல்முனையிலோ கொழும்பிலோ கண் பரிசோதனைக்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் சில மணிநேரத்தில் தெளியும் மருந்தே இடப்படுகிறது. அத்துளியின் அளவு ஆராய்ந்து கண்டது. வேலியோரத்து ஊமத்தைச் சாற்றுக்கோ அளவில்லை. அதனைக் கைவைத்தியமென்று கண்ணிலிடுதல் பார்வையோடு உயிருக்கும் கேடாகும்.