கெ ஹோங்கின் சிவப்புப் பை

சீனாவின் மணப்பையைப் பற்றி ஒரு த்ரெட். மூலிகைப் பொடியைத் துணியில் தைத்து இடுப்பிலோ கழுத்திலோ தொங்கவிடுவாங்க. அவங்க மொழியில் ஷியாங்நாங்.

1972-ல் ஹூனான் மாகாணத்தில், சாங்ஷா நகரை ஒட்டிய மாவாங்டுயி என்ற இடத்தில் ஷின் ஜுய் என்ற சீமாட்டியின் கல்லறையைத் திறந்தாங்க. ஹான் காலத்தவர். 2,100 வருஷத்துக்கு மேல் ஆகியும் உடல் அழுகவில்லை. பக்கத்தில் பட்டு மணப்பைகள். உள்ளே வாசனைப் புல், சீன மிளகு, மக்னோலியா மொட்டு.

எனக்குப் பிடிச்சது பிரேதப் பரிசோதனைதான். வயது 50 வாக்கில். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, பித்தப்பையில் கல், வயிற்றில் 138 முலாம்பழ விதை! கூடவே சாட்டைப்புழு, கீரிப்பூச்சி, நத்தை இருக்கும் தண்ணீரில் இறங்கினால் தோல் வழியா நுழையும் ஸ்கிஸ்டோசோமா. இறந்தது மாரடைப்பில்.

நோய் கெட்ட காற்றில் வருதுன்னு உலகமே நம்பிய காலம் அது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே 'கெட்ட காற்று' என்றுதான் அர்த்தம். நாற்றம் நோயைக் கொண்டுவந்தா நறுமணம் அதைத் தடுக்கணும் இல்லையா? கையில் இருந்த தகவலுக்கு அது நல்ல தர்க்கம்தான்.

சீனர்களின் ஐந்தாம் மாதம் நம்ம ஜூன் வாக்கில் வரும். வெயில், மழை, கொசு. அதற்கு 'விஷ மாதம்' என்றே பேர். அந்த மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி அண்டாமல் இருக்கக் குழந்தைகளுக்கு மணப்பை கட்டுவாங்க. வாசலில் மரிக்கொழுந்தின் உறவுக்காரச் செடி ஒன்றும் வசம்பும் தொங்கும். ஆமா, நம்ம ஊரில் பிள்ளை கையில் கட்டுற அதே வசம்பு. இந்தச் செடிகளின் எண்ணெய்க்குப் பூச்சியை விரட்டும் குணம் கொஞ்சம் உண்டு. அதனால் சுத்த மூடநம்பிக்கைன்னு ஒதுக்க மாட்டேன்.

இப்போ முக்கியமான ஆள். நான்காம் நூற்றாண்டின் கெ ஹோங். சட்டைக்கைக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு அவசர மருத்துவக் கையேடு எழுதினார். நமக்குக் கிடைத்திருக்கும் வடிவத்தில், கொள்ளைநோய்க்கு ஒரு முக்கோணச் சிவப்புப் பை சொல்லியிருக்கு: மனோசிலை, அரிதாரம், படிகாரம், மான் கொம்பு எல்லாம் இடித்து நெஞ்சில் தொங்கவிடு, வாசலிலும் கட்டு. முதல் ரெண்டும் ஆர்சனிக்!

அதே புத்தகத்தில் காய்ச்சலுக்கு இன்னொரு குறிப்பு: சிங்ஹாவ் செடி ஒரு பிடி, தண்ணீரில் ஊறவை, பிழி, சாற்றைக் குடி. கொதிக்க வைக்கச் சொல்லலை. 1971-ல் து யோயோ இதைப் படித்து, சூடுதான் மருந்தைக் கெடுக்குதோன்னு சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்தில் ஈதரை வைத்துப் பிரித்தார். எலியில், குரங்கில் சோதித்தார். அப்புறம் தானே குடித்துப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். இன்னைக்கும் கடுமையான மலேரியாவுக்கு நாங்க போடுற ஆர்ட்டிசுனேட் ஊசி அதன் வாரிசு. 2015-ல் நோபல்.

ஒரே புத்தகம். ஒரு குறிப்பு சோதனையில் தேறி ஊசியாச்சு. இன்னொன்று பையாகவே இருந்துடுச்சு.

2020-ல் கொரோனாவுக்குச் சீனாவில் மறுபடி மணப்பை கொடுத்தாங்க. 2021 இரண்டாம் அலையில் நம்ம வாட்ஸப்பிலும் கற்பூரம், ஓமம், கிராம்பு முடிச்சு சுத்துச்சு. முகர்ந்தா ஆக்சிஜன் ஏறுமாம்.

ஏறாது. கற்பூரமும் மெந்தாலும் மூக்கில் இருக்கும் குளிர்ச்சி உணரும் நரம்பைத் தூண்டும். காற்று தாராளமா போற மாதிரி தோணும். உள்ளே போற காற்றின் அளவு மாறாது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரின் எண்ணும் மாறாது. மூச்சு விட சுலபமா இருக்குன்னு நம்பி வீட்டிலேயே கழியும் ஒவ்வொரு மணி நேரமும்தான் எங்களுக்குப் பயம்.

இன்னொன்று. குழந்தை கழுத்தில் கற்பூர முடிச்சு இருந்தா இப்பவே கழட்டிடுங்க. கொஞ்சம் வாயில் போட்டாலே வலிப்பு வரும். விழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. மிச்ச முடிச்சையும் கையோட எடுத்துட்டு வாங்க, எவ்வளவு போயிருக்குன்னு நாங்க பார்க்கணும்.