திருப்புறம்பயத்துப் பண்டாரத்தார்

சரித்திரக் கதை எழுதும் என்போன்றவர்கள் சோழ மன்னர்களுக்குக் கடன்பட்டவர்கள் என்பார்கள். என்னைக் கேட்டால், கும்பகோணத்தில் பள்ளித் தமிழாசிரியராக இருந்த தி. வை. சதாசிவ பண்டாரத்தாருக்கே கடன் அதிகம் என்பேன்.

அவர் 1892-இல் திருப்புறம்பயத்தில் பிறந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் சோழர் தலையெடுக்க வழிசெய்த போர் நடந்த ஊர் அது. அப்போரில் மாண்ட கங்க மன்னன் பிருதிவீபதியின் பள்ளிப்படை என்று ஒன்றை அங்கே காட்டுகிறார்கள். அந்த மண்ணில் வளர்ந்தவருக்குக் கல்வெட்டில் மோகம் பிறந்ததில் வியப்பென்ன?

1930-இல் முதற் குலோத்துங்கனைப் பற்றி நூல் எழுதினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தின் முதற்பகுதி 1949-இல் வந்தது. கல்கிக்கும் அது கைகொடுத்தது. 1960-இல் பண்டாரத்தார் மறைந்தார். மூன்றாம் பகுதி அடுத்த ஆண்டுதான் வெளிவந்தது.

கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் மறைப்பது சுவரையல்ல, ஐயா, உங்கள் பாட்டன் பெயரை!