தன்பாலீர்ப்பு ஆண்களின் மனநலம் (கடலூர், சிதம்பரம்)

தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு கொண்ட ஆண்கள் மீது சமூகம் சுமத்தும் இழிவு மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் வழிவகுக்கிறது. இந்த ஈர்ப்பு நோயல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இல் இதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியது.

ஆய்வு: சென்னை, கும்பகோணத்தில் ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் 200 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வு, இழிவுக்கு ஆளானவர்களிடம் மனச்சோர்வு மிகுந்திருப்பதையும், பிறர் ஆதரவு அதைக் குறைப்பதையும் காட்டியது.

உள்ளூர் நிலை: கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் முகம் தெரியாதவராக வாழ்வது அரிது. ‘பொண்ணு பாத்தாச்சு’ என்று வீடு நெருக்கும்போது மறுக்கக் காரணம் சொல்ல முடிவதில்லை. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருந்தாலும், வரிசையில் சொந்தக்காரர் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் சிகிச்சையைத் தள்ளிப்போடவைக்கும்.

சட்டம்: உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்துக் கொள்ளும் தன்பால் உறவு குற்றமல்ல என்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை முயற்சிகளுக்குத் தடை விதித்தார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பாலீர்ப்பின் பேரில் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

உதவி: டெலி மானஸ் மனநலத் தொலைபேசி உதவி எண் 14416, தமிழில், கட்டணமின்றி, 24 மணி நேரமும்.