இங்கிலாந்தின் நரி வேட்டை

பழக்கிய மோப்ப நாய்க் கூட்டம் ஒன்று செந்நரியின் வாடையைப் பிடித்துத் துரத்த, குதிரையில் ஏறியவர்கள் அதன் பின்னால் வேலிகளையும் ஓடைகளையும் தாண்டிச் செல்வதே இங்கிலாந்தின் நரி வேட்டை. நவம்பரில் பருவம் தொடங்கி வசந்தம் வரும்வரை நீடித்துவந்தது. இந்த வேட்டையை ஆதரித்தவர்கள் எப்போதும் இரண்டு நியாயங்களை முன்வைத்தார்கள். ஒன்று, இது நாட்டுப்புறத்தின் தொன்று தொட்ட வழக்கம். மற்றொன்று, கோழியையும் ஆட்டுக்குட்டியையும் தின்னும் விலங்கைக் கட்டுக்குள் வைக்கும் வழி. வரலாற்றுச் சான்றுகள் இவ்விரண்டுக்கும் துணை நிற்கவில்லை. சிவப்புக் கோட்டும் குதிரைப் பாய்ச்சலுமாக நாம் அறிந்த வேட்டை 18ஆம் நூற்றாண்டில் உருவானது. அது வளர வளர, நரியை அழிப்பதைவிட நரி குறையாமல் பார்த்துக்கொள்வதே அதன் முதல் கவலையாயிற்று.

இடைக்காலத்தில் மன்னர்களும் பிரபுக்களும் மதித்த வேட்டை விலங்கு மான்தான். நரியைக் கண்ட இடத்தில் வலைபோட்டும் பொறிவைத்தும் வளையைத் தோண்டியும் கொன்றார்கள். அதில் பெருமை எதுவும் இல்லை. 1534இல் நார்ஃபோக்கில் ஒரு விவசாயி தன் பண்ணை நாய்களை ஏவி நரியைத் துரத்தியதை முதல் நரி வேட்டையாகச் சொல்வது வழக்கம். அதுவும் தொல்லையைத் தீர்க்கும் வேலையே. 1566இல் எலிசபெத் அரசியின் காலத்தில் வந்த தானியப் பாதுகாப்புச் சட்டம், நரித் தலை ஒன்றுக்குப் 12 பென்ஸ் வெகுமதி கொடுக்கும்படி ஊர்க்கோயில் நிர்வாகிகளைப் பணித்தது. நரியைப் பற்றி ஊர் அன்று என்ன நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காடுகள் சுருங்கின; 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போரில் மான் பூங்காக்கள் பல சூறையாடப்பட்டன. மான் அரிதாகவே, செல்வர்களின் நாய்கள் மெல்ல நரியின் பக்கம் திரும்பின.

திருப்பம் நிகழ்ந்த இடம் லெஸ்டர்ஷயர். அங்கே 1753இல் குவோர்ன் வேட்டைக்குழுவின் தலைமையை ஏற்ற ஹியூகோ மேனல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அதை நடத்தினார். அதற்கு முன் வேட்டைக்காரர்கள் விடியலிலேயே புறப்படுவார்கள். இரவெல்லாம் இரைதேடி வயிறு நிறைந்த நரி அந்நேரத்தில் வேகமாக ஓடாது; நாய்களும் நிதானமாக மோப்பம் பிடித்துச் செல்லும். நரியைப் பிடிப்பது நோக்கமானால் இதுவே சரியான நேரம். மேனல் பொழுது நன்கு ஏறிய பிறகே வேட்டையைத் தொடங்கினார். நரி தெம்போடு ஓட, அதற்கு ஈடுகொடுக்க வேகமும் கூர்மோப்பமும் ஒருங்கே அமைந்த நாய்களை இனப்பெருக்கம் செய்தார். எளிதாகக் கொல்லும் நேரத்தை விட்டுக் கடினமாகத் துரத்தும் நேரத்தைத் தேர்ந்தெடுத்த இந்த மாற்றத்திலேயே வேட்டையின் நோக்கம் வெளிப்பட்டுவிடுகிறது. நிலமும் அதற்கேற்ப மாறிக்கொண்டிருந்தது. பொது நிலங்களை அடைப்பதற்கு நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் இயற்றியது. உழவு வயல்கள் பலவும் புல்வெளிகளாயின, அவற்றைச் சுற்றி உயிர்வேலிகள் எழுந்தன. ஏழைக் குடியானவரின் மேய்ச்சல் உரிமையைப் பறித்த அந்த வேலிகளே குதிரைக்காரர்களுக்குத் தாண்டும் இன்பத்தைத் தந்தன. மெல்ட்டன் மோப்ரே என்ற சிறுநகரம் குளிர்காலத்தில் லண்டன் கனவான்களால் நிரம்பி வழிந்தது. ரயில் வந்தால் வேட்டை அழிந்துவிடும் என்று பலர் அஞ்சினார்கள். ஆனால் ரயில் குதிரைகளையும் ஆட்களையும் இன்னும் தொலைவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது.

இவ்வளவு பேர் துரத்துவதற்கு நரி வேண்டுமே! வேட்டைக்குழுக்கள் நரி தங்குவதற்கென்றே முள்புதர்த் தோப்புகளை நட்டன, செயற்கை வளைகளைக் கட்டின. கோழியை இழந்த விவசாயிக்கு நட்ட ஈடு கொடுக்கத் தனி நிதி வைத்தன. உள்ளூரில் நரி போதாதபோது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியான நரிகளை லண்டனின் லெடன்ஹால் சந்தையில் வாங்கிச் சாக்கில் கட்டி எடுத்துவந்தார்கள். தன் நிலத்தில் நரியைச் சுட்டுக் கொன்றவரை ஊர்ப் பெரியவர்கள் குற்றவாளியைப் போல ஒதுக்கினார்கள். நீதிமன்றத்திலும் இந்த முரண் வெளிப்பட்டது. 1786இல் கண்ட்ரி எதிர் ஃபெல்தம் வழக்கில், நரி தீங்கு செய்யும் விலங்கு என்பதால் அதைத் துரத்தி அடுத்தவர் நிலத்தில் நுழையலாம் என்று தீர்ப்பானது. 1809இல் எசெக்ஸ் பிரபு தொடுத்த வழக்கிலோ, நோக்கம் விளையாட்டு என்றால் அது அத்துமீறலே என்று நீதிபதி எலன்பரோ அந்தச் சலுகைக்கு எல்லை வகுத்தார். வேட்டையின் நோக்கத்தை அக்காலத்துச் சட்டமே அடையாளம் கண்டுவிட்டது.

இதற்கு வேட்டையின் ஆதரவாளர் ஒரு பதில் சொல்லக்கூடும்: அப்படியானால் நரி அழியாமல் பிழைத்தது வேட்டையால்தானே, அதை ஏன் குறை சொல்ல வேண்டும்? வேட்டைக்காக நட்ட தோப்புகள் பறவைகளுக்கும் பிற உயிர்களுக்கும் இடம் தந்தது உண்மை. ஆனால் நரியைக் காத்தோம் என்பதும் நரியைக் குறைத்தோம் என்பதும் ஒரே வாயில் வரக்கூடாத வாதங்கள். வேட்டை வெறும் செல்வர்களின் பொழுதுபோக்கு அல்ல என்ற மறுப்புக்கு இன்னும் வலு உண்டு. கம்பர்லாந்து மலைகளில் குதிரை ஏற வழியில்லாமல் நடந்தே வேட்டையாடினார்கள். பாடலால் புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஜான் பீல் அந்த மண்ணின் விவசாயிதான். குதிரையாளர் கூட்டத்தில் குத்தகை விவசாயிகளும் கசாப்புக்காரர்களும் மருத்துவர்களும் சேர்ந்து சென்றார்கள். ஆனாலும், நாய்களைப் பராமரிக்கும் செலவும் எந்த நிலத்தில் எப்போது போவது என்ற முடிவும் பெரும்பாலும் நிலக்கிழார் கையில் இருந்தன. குத்தகைக்காரர் பயிர் மிதிபட்டாலும் முகம் சுளிக்க முடியாது. எல்லாரும் கலந்துகொண்டதைக் கொண்டு எல்லாருடைய வழக்கம் என்று சொல்லிவிட முடியாது.

விலங்கின் துன்பம் பற்றிய கேள்வியும் புதிதன்று. 1869இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃபிரீமன் வேட்டையின் அறத்தைக் கண்டித்து எழுத, வேட்டைப் பிரியரான நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலப் மறுத்து எழுதினார். அரசு அமைத்த பர்ன்ஸ் விசாரணைக்குழு 2000இல் தந்த அறிக்கை, நாய்களால் துரத்தப்படுவது நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று முடிவுகட்டியது. பதிவுபெற்ற வேட்டைக்குழுக்கள் ஆண்டுக்கு 21,000 முதல் 25,000 நரிகளைக் கொல்வதாகவும் அது மதிப்பிட்டது. மறு ஆண்டே கால்நடைகளிடம் பரவிய கோமாரி நோயால் பல மாதங்கள் வேட்டை நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியில் நரித்தொகை குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை என்று 2002இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. நரித்தொகையைக் கட்டுப்படுத்தும் பயன் வேட்டைக்கு இருந்தது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி விழவில்லை.

நாய்களைக் கொண்டு நரியைத் துரத்திக் கொல்வதை 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடைசெய்தது. பிரபுக்கள் அவை இசையாததால், அதன் இசைவின்றிச் சட்டம் இயற்ற வழிதரும் நாடாளுமன்றச் சட்டத்தைப் பயன்படுத்தியே அது நிறைவேறியது. 2005 பிப்ரவரி 18இல் நடைமுறைக்கு வந்தது. இது நகரத்தார் நாட்டுப்புறத்தார்மீது தொடுத்த வர்க்கப் பகை என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். சட்டம் வருமுன்பே, 2002 செப்டம்பரில், ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் லண்டனில் ஊர்வலம் போனார்கள். பகை சிலரிடம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு சட்டத்தை ஆதரித்தவர்களின் மனநிலை, அச்சட்டம் தடுக்கும் துன்பத்தைப் பொய்யாக்காது. சட்டத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. முன்கூட்டியே நிலத்தில் தடவிய வாடையைப் பின்தொடர்வதாகச் சொல்லிப் பல குழுக்கள் தொடர்ந்து கூடுகின்றன. வழியில் நாய்கள் உண்மையான நரியைத் துரத்தினால், அது வேண்டுமென்றே நடந்தது என்று மெய்ப்பிப்பது கடினம். இதனாலேயே தேசிய அறக்கட்டளை (நேஷனல் டிரஸ்ட்) 2021இல் தன் நிலங்களில் வாடைத்தட வேட்டைக்கு உரிமம் தருவதை நிறுத்தியது. அதையும் தடைசெய்வதாகத் தொழிற்கட்சி 2024 தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி அளித்தது.