பெயரின் இறுதியில் ஒரு பட்டம்

முக்கொம்பு என்றதும் மாணவர்களுக்கு நினைவில் எழுவது சுற்றுலாவும் புளியோதரைப் பொட்டலமுமே. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் அவ்விடத்தில், ஆர்தர் காட்டனின் திட்டப்படி 1836இல் கட்டி முடிந்த மேலணையைக் காட்ட ஆண்டுதோறும் பிள்ளைகளை அழைத்துச் சென்றவன் நான். பேருந்து புறப்படுமுன் பெயர் கூப்பிடுவேன். ரங்கராஜன், ரங்கநாதன், ரங்கநாயகி என்று அரங்கனின் பெயர்களே தொடர்ந்து வரும். திருவானைக்காவிலிருந்து ஒரு ஜம்புலிங்கமோ அகிலாண்டமோ இடையில் தலைகாட்டும். ரங்கராஜன் என்றழைத்தால் மூவர் ஒருங்கே “உள்ளேன் ஐயா” என்பர். ஆதலால் தலைப்பெழுத்தையும் சேர்த்தே அழைக்க வேண்டும். அவ்வெழுத்து தந்தையின் பெயரைக் குறிப்பது. குடும்பப் பெயர் அன்று.

ஆங்கிலேயரிடம் வழக்கம் வேறு. அங்கே குடும்பப் பெயர் தந்தை வழியே இறங்கி வரும். ஆண்மக்கள் இல்லாத கிளையில் நின்றுவிடும். இப்பெயர்கள் எவ்வாறு அருகி மறைகின்றன என்று பிரான்சிஸ் கால்ட்டன் 1873இல் ஒரு கணக்கைக் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுத, இருவர் பெயராலும் 1874இல் கட்டுரை வெளிவந்தது. எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்ற வாட்சனின் முடிவு பிழை எனப் பின்னர் கண்டனர். ஆனால் கேள்வி நல்ல கேள்வி, அது நிலைத்துவிட்டது.

நம்மிடையே அக்கணக்கு செல்லாது. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறிவிடுகிறதே! அப்படியானால் நாம் எதை எண்ணுவது? பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டத்தை எண்ணலாம்.

முதல் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலை மேற்பார்த்த அதிகாரி ஒருவரின் பெயரைப் பாருங்கள்: பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான். ஆதித்தன் தந்தை, சூரியன் இவர். முன்னே நிற்பது நாடு. பின்னே நிற்பது அரசன் அளித்த பட்டம். ஒருவரை இன்னார் என்று காட்ட நான்கு அடையாளங்கள்!

இத்தகைய பெயர்களைச் சோழர் கல்வெட்டுக்களிலிருந்து திரட்டி, கணிப்பொறியின் துணையோடு ஆராய்ந்தவர்கள் நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவர். அவர்களுடைய பெயர்த் தொகுதி 1978இல் மதுரையில் வெளிவந்தது. கராஷிமா ஜப்பானியர்; முக்கொம்புக்கு அணித்தேயுள்ள அல்லூரைப் பற்றியும் ஈசானமங்கலத்தைப் பற்றியும் 1966இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். நாம் பேருந்தில் கடந்துசெல்லும் ஊரின் கல்வெட்டை, கடல்கடந்து வந்தவர் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. கல்வெட்டு மிகுந்த காலத்தில் எல்லாப் பட்டமுமே மிகுதியாகத் தோன்றும். ஒரு காலத்தில் 1000 பெயர்களுள் 50 பேருக்கு ஒரு பட்டம் இருக்கிறது, மற்றொரு காலத்தில் 100 பெயர்களுள் 10 பேருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 பெரிதுதான், ஆயினும் விழுக்காடு முன்னதில் 5, பின்னதில் 10. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறுவது தேர்வுத் தாளோடு முடிகிற பிழை அன்று.

அவ்வாறு அளந்து பார்க்கும்போது, மூவேந்தவேளான் என்னும் பட்டம் 985 முதல் 1070 வரையிலான காலத்தில் ஓங்கி நிற்கிறது, பின்னர்த் தாழ்கிறது. பிற்காலத்தில் அரையன், ராயன் என முடியும் பெயர்கள் மிகுகின்றன. காரணம் குடிகள் அழிந்தமை அன்று. நிலத்தை அளந்து வரிக்கணக்கு எழுதிய இராசராசனது ஆட்சிக்கு அதிகாரிகள் பலர் வேண்டியிருந்தனர். அவர்களுள் பலர் இப்பட்டம் பெற்றனர். அந்த ஆட்சிமுறை மாறியபோது பட்டத்தின் மதிப்பும் மாறிற்று. அரசன் கை கொடுத்தது, அரசோடு போயிற்று.

நம் காலத்தில் நிகழ்ந்ததோ வேறு வகை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, சாதியைக் காட்டும் பட்டங்களை விட்டொழிக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அதன் விளைவைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே காணலாம். நான் புரட்டிய பழைய ஏடுகளில் பாட்டனார் சாதிப் பட்டத்தோடு இருக்கிறார்; அதே வீட்டுப் பேரன் வெறும் தலைப்பெழுத்தோடு வருகிறான். யாரும் பறிக்கவில்லை; தாமே விட்டார்கள். ஆயினும் அதே பக்கத்தில் சாதிக்கென்று தனிப் பத்தி ஒன்று உண்டு. சலுகை பெற வேண்டிய பிள்ளைக்கு அது தேவை என்பதை அறிவேன். பெயரிலிருந்து சாதி மறைந்ததை நாட்டிலிருந்தே மறைந்ததாகக் கொள்ளலாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒருமுறை முக்கொம்பிலிருந்து திரும்புகையில், பிள்ளைகளை அல்லூர்க் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். நிலம் விற்றவர், வாங்கியவர், சான்றிட்டவர் ஆகியோரைக் கல்வெட்டுக்கள் எவ்வாறு பெயர் சுட்டி எழுதுகின்றன என்று சுவரருகே நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். எல்லை சொல்லும்போது வாய்க்காலுக்குக்கூடப் பெயர் உண்டு என்றேன். கடைசி வரிசையில் நின்ற ஒரு பையன், “உழுதவர் பெயர் எங்கே இருக்கும் ஐயா?” என்று கேட்டான். அவன் தந்தை அவ்வூருக்கு அடுத்த ஊரில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். தஞ்சையில் ஆடல் மகளிர் ஏறத்தாழ 400 பேரின் பெயர்கள் கல்லில் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். உழுகுடிகளுக்கு அப்படி ஒரு பட்டியலை நான் படித்ததில்லை. “பெரும்பாலும் எழுதவில்லை, அப்பா” என்றேன். அவன் தன் குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டான்.