காத்திருக்கும் மடல்: மின்னஞ்சல் தாமதத்தின் வரலாறு

மின்னஞ்சல் நொடியில் சென்று சேர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, மின்னஞ்சலைவிட இளையது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இந்திய அரசின் மின்னணுவியல் துறை 1986இல் எர்னெட் வலையமைப்பைத் தொடங்கியது. ஐந்து ஐஐடிகள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் உள்ளிட்ட நிறுவனங்களை இணைத்த அவ்வமைப்பில், முதலில் மடல்கள் தொலைபேசி இணைப்பின் வழியே யூயூசிபி முறையில் சென்றன. கணினி மடல்களைச் சேர்த்துவைத்து, மறுமுனையோடு இணைப்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அன்று காத்திருப்பு ஒரு பழுதன்று, அதுவே நடைமுறை.

இந்தப் பொறுமையை மின்னஞ்சலின் பொது விதிகளும் ஏற்றிருந்தன. ஜான் போஸ்டல் எழுதி 1982 ஆகஸ்டில் வெளியான எஸ்எம்டிபி நெறிமுறை, மறுப்பை இரண்டாகப் பிரித்தது. 5இல் தொடங்கும் குறியீடு நிரந்தர மறுப்பு. 4இல் தொடங்குவது ‘இப்போது இயலாது, பிறகு வருக’ என்பது. மறுமுயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும், நான்கைந்து நாள்களேனும் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1123 பரிந்துரைத்தது. பெறும் கணினி ஓரிரு நாள் முடங்கினாலும் மடல் தொலையக் கூடாது என்பதே இதன் நோக்கம். தாமதம், நம்பகத்தன்மைக்குக் கொடுக்கப்பட்ட விலை.

எரிதம் பெருகியபோது அதே விதிக்கு வேறொரு பயன் கிடைத்தது. இவான் ஹாரிஸ் 2003இல் முன்வைத்த ‘கிரேலிஸ்டிங்’ முறையில், அறிமுகமில்லாத அனுப்புநரின் முதல் மடலைப் பெறும் வழங்கி வேண்டுமென்றே தற்காலிகமாக மறுக்கிறது. முறையான வழங்கி மீண்டும் வரும். அக்கால எரித மென்பொருள்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. பொறுமை இங்கே அடையாளச் சோதனையானது. இரு முனையிலும் எந்தப் பழுதும் இல்லாமலே, ஒரு சிறு நிறுவனத்தின் முதல் மடல் அரைமணி நேரம் பிந்துவது இதனால்தான்.

எனவே தாமதத்தை ஆராய்பவர் செய்வது ஒருவகை ஆவண விமர்சனமே. மடலைக் கையாளும் ஒவ்வொரு வழங்கியும் அதன் தலைப்பகுதியில் ‘ரிசீவ்டு’ என்ற வரியை மேலே சேர்க்கிறது. ஆகவே அவற்றைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். இரு வரிகளின் நேர இடைவெளி, மடல் எங்கே தங்கியது என்பதைக் காட்டும். ஏன் தங்கியது என்பதை அனுப்பும் வழங்கியின் பதிவேட்டிலுள்ள 4ஆம் வரிசைக் குறியீடு சொல்லும்: கிரேலிஸ்டிங், அனுப்பும் அளவுக்கான வரம்பு, டிஎன்எஸ் பதில் கிடைக்காமை எனக் காரணங்கள் பல. ஆனால் எல்லா வரிகளும் சமமான சான்றுகளல்ல. ஒரு வழங்கியின் கடிகாரம் பிழையாயின் இல்லாத தாமதம் தோன்றும். நேர மண்டலத்தைக் கவனியாதவருக்கு ஐந்தரை மணி நேரம் பொய்யாகக் கூடும். பெறும் நிறுவனத்தின் சொந்த வழங்கி எழுதிய வரிகளுக்குக் கீழுள்ளவை புனையப்பட்டிருக்கவும் கூடும்.

இது கணினிப் பிரிவினருக்கு மட்டுமான செய்தியன்று. ஆய்வு உதவித்தொகைக்கான விண்ணப்பம் இறுதி நாளின் மாலையில் அனுப்பப்பட்டு நள்ளிரவுக்குப் பின் பெட்டியில் விழும்போது, ‘காலம் கடந்தது’ என்ற தீர்ப்பு எந்த நேரத்தைச் சான்றாகக் கொள்கிறது? அஞ்சல் பெட்டி காட்டும் நேரம் ஒன்று. மாணவர் பக்கத்து வழங்கி மடலை ஏற்றுக்கொண்ட நேரம் வேறொன்று. இடைப்பட்ட நேரத்தை ஆண்டது, மடல் தொலையக் கூடாதென வகுக்கப்பட்ட விதி. எந்த நேரம் செல்லும் என்பதை அறிவிக்கையிலேயே எழுதிவைக்காத நிறுவனம், அந்தக் காத்திருப்பின் சுமையை மாணவர்மீது ஏற்றுகிறது.